இலவச மாத்திரையின் விலை என்ன?

தண்டையார்பேட்டை என்றதும் சென்னையின் மூத்த தலைமுறையினருக்கு முதலில் நினைவுக்கு வருவது மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனைதான். காலரா, தொண்டை அடைப்பான் போன்ற நோய்கள் கண்டவர்கள் நகரின் பல திசைகளிலிருந்தும் அங்கே கொண்டுவரப்பட்டனர். அந்தக் காலத்தில் நோய் என்றால் திடீரென வருவது. ஒன்று ஆளைக் கொண்டுபோகும், அல்லது சில நாள்களில் ஆளை விட்டுப் போகும். நம் மருத்துவமனைகளும் சுகாதாரத் துறையும் அந்த வகை நோயை எதிர்கொள்ளவே கட்டமைக்கப்பட்டன. நோயாளி வருவார், சிகிச்சை பெறுவார், வீடு திரும்புவார் என்பதே அவற்றின் அடிப்படை.

2020-ஆம் ஆண்டு கரோனா பரவியபோது, சென்னையில் மிகுதியாகப் பாதிக்கப்பட்ட மண்டலங்களில் ராயபுரமும் தண்டையார்பேட்டையும் முன்வரிசையில் இருந்தன. அன்றாடம் வெளியான அரசு அறிக்கையில், இறந்தவர்களின் வயதை அடுத்து நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு என்று ஒரு பட்டியல் தொடர்ந்து இடம்பெற்றது. 'இணை நோய்' என்ற சொல் அப்போதுதான் மக்களின் அன்றாடப் பேச்சில் புகுந்தது. தொற்று தணிந்துவிட்டது. ஆனால், அது வெளிச்சமிட்டுக் காட்டிய இணை நோய்கள் தணியவில்லை. அதே தெருக்களில், அதே வீடுகளில் அவை தங்கியிருக்கின்றன.

மாரடைப்பு, பக்கவாதம் முதலிய இதய ரத்தநாள நோய்கள், புற்றுநோய், நாள்பட்ட நுரையீரல் நோய், நீரிழிவு ஆகிய நான்கையும் முதன்மையான தொற்றா நோய்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன் கணக்குப்படி 2021-இல் மட்டும் உலகில் குறைந்தது 4.3 கோடிப் பேர் தொற்றா நோய்களால் இறந்தனர். அவர்களுள் 1.8 கோடிப் பேர் எழுபது வயதை எட்டாதவர்கள். இந்த அகால மரணங்களில் 82 விழுக்காடு ஏழை நாடுகளிலும் நடுத்தர வருவாய் நாடுகளிலும் நிகழ்ந்தன. இந்தியாவில் 1990-இல் மொத்த மரணங்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டுக்குக் காரணமாக இருந்த தொற்றா நோய்கள், 2016-இல் ஏறத்தாழ 62 விழுக்காட்டுக்குக் காரணமாயின.

'பணக்காரர் வியாதி' என்று இவற்றை அழைத்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பெயர் இன்று பொருந்தாது. வசதியுள்ளவருக்கும் நீரிழிவு வருகிறது. ஆனால், அவர் அதனுடன் முப்பது ஆண்டுகள் வாழ்கிறார். வசதியில்லாதவருக்கு வந்தால், பல வேளைகளில் அது காலில் ஆறாத புண்ணாகவோ பக்கவாதமாகவோ மாறிய பிறகே கண்டறியப்படுகிறது. அப்போது இழப்பது உடல்நலத்தை மட்டுமல்ல, அந்தக் குடும்பத்தின் வருமானத்தையும்தான்.

அறிவு நம்மிடம்தான் இருந்தது

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. நீரிழிவைப் பற்றிய இந்திய மருத்துவ அறிவின் ஊற்றுக்கண்களில் ஒன்று வடசென்னையே. இந்திய நீரிழிவு மருத்துவத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் பேராசிரியர் எம். விஸ்வநாதன், 1948-இல் அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். 1954-இல் ராயபுரத்தில் அந்நோய்க்கென்றே ஒரு மருத்துவமனையையும் நிறுவினார்.

அரை நூற்றாண்டு கழித்து, அதே ராயபுரம் நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியாகி உலகின் கவனத்தைப் பெற்றது. நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்துவிட்டது. உணவிலும் நடைப்பயிற்சியிலும் முறையான வழிகாட்டுதல் பெற்றவர்களில் அது 39 விழுக்காடாகக் குறைந்தது. குறைந்த அளவு மாத்திரையும் ஏறத்தாழ அதே பலனைத் தந்தது. இந்தியர்களின் உடல்வாகில் நீரிழிவைத் தடுக்க முடியுமா என்ற ஐயத்துக்குத் தெளிவான விடை, துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருக்களிலிருந்துதான் கிடைத்தது.

ஏழைகளிடம் இதைச் செய்ய முடியுமா என்ற கேள்விக்கும் சென்னையிலிருந்தே விடை வந்தது. சிறுநீரகவியல் மருத்துவர் எம்.கே. மணி தொடங்கிய அறக்கட்டளை, 1990-களின் இறுதியிலிருந்து சென்னையை அடுத்த கிராமங்களில் ஏறத்தாழ 25,000 மக்களிடையே பணியாற்றியது. பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள் வீடு வீடாகச் சென்று சிறுநீரைச் சோதித்தார்கள். ரத்த அழுத்தம் பார்த்தார்கள். நோய் உறுதியானவர்களுக்கு மிக மலிவான பழைய மருந்துகளே தரப்பட்டன. உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது கட்டுக்குள் வந்தது. ஆன செலவு, மக்கள்தொகையில் ஆளுக்கு ஆண்டுக்கு அரை டாலருக்கும் குறைவு.

ஆக, அறிவு இருந்தது. மருந்தும் இருந்தது. 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாகவும் மலிவாகவும் வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கும் முறையை நிலைநிறுத்தி, பிற மாநிலங்களுக்கும் வழிகாட்டியது. தொற்றா நோய்த் தடுப்புக்கான முன்னோட்டத் திட்டம் 2007-இல் சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது. அரசு மருத்துவமனையில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை இலவசம்.

இவ்வளவுக்கும் பிறகு, 2020-இல் மாநிலம் தழுவி நடந்த 'ஸ்டெப்ஸ்' கணக்கெடுப்பு தந்த முடிவு அதிர்ச்சியளித்தது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. நீரிழிவு உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கு மட்டுமே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. நூறு பேரில் தொண்ணூறு பேர் கைக்கு எட்டிய மருந்தின் முழுப் பயனை அடையவில்லை. ஏன்?

ஒரு சிறு கணக்கு

அறியாமை, அலட்சியம் என்று இதற்கு எளிதாகக் காரணம் சொல்லிவிடலாம். மருத்துவர்களும் படித்தவர்களும் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறார்கள். பொருளியல் படித்தவன் என்ற முறையில் வேறு ஒரு கோணத்தில் இதைப் பார்க்க விரும்புகிறேன். இலவச மாத்திரைக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலை மாத்திரை அட்டையில் அச்சிடப்படுவதில்லை.

கொருக்குப்பேட்டையில் குடியிருந்து துறைமுகக் கிடங்கில் மூட்டை இறக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு எழுநூறு ரூபாய் ஈட்டுகிறார் என்று கொள்வோம். மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குச் சென்று, வரிசையில் நின்று சீட்டு வாங்கி, ரத்தம் கொடுத்து, மருத்துவரைப் பார்த்து, மருந்து வாங்கும் வரிசையிலும் நின்று வெளியே வரும்போது பகல் கடந்துவிடும். அன்றைய கூலி போயிற்று. ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை என்றால் 8,400 ரூபாய். அவர் விழுங்கும் ரத்த அழுத்த மாத்திரையின் விலையோ நாளொன்றுக்கு ஒரு ரூபாய்க்குள் அடங்கும். ஆண்டு முழுவதற்கும் 365 ரூபாயைத் தாண்டாது. அரசு 365 ரூபாய் செலவிட்டு இலவசமாகத் தரும் பொருளுக்கு, அதைப் பெறுபவர் 8,400 ரூபாய் விலை கொடுக்கிறார். பொருளியலில் இதை வாய்ப்புச் செலவு என்போம்.

அந்த விலைக்கு அவருக்குக் கிடைப்பது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் வலிக்காது. மாத்திரை போட்ட நாளுக்கும் போடாத நாளுக்கும் அவர் உடம்பில் வேறுபாடு எதுவும் தெரியாது. பத்தாண்டுகளுக்குப் பிறகு வரக்கூடிய பக்கவாதம் வராமல் போவதுதான் பலன். வராமல் போனது எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. இன்றைய கூலி உறுதியானது, என்றைக்கோ வரும் பலன் உறுதியற்றது. இந்த இரண்டையும் நிறுத்துப் பார்த்து அவர் வேலைக்குப் போவதைத் தேர்ந்தெடுத்தால், அதை அறியாமை என்று எப்படிச் சொல்வது? தம் நிலையில் நின்று அவர் போட்ட கணக்கு அது. கணக்கு தவறென்றால், அதன் எண்களை மாற்ற வேண்டிய பொறுப்பு நம்முடையது.

அமெரிக்கப் பொருளியலாளர் மைக்கேல் கிராஸ்மன் 1972-இல் உடல்நலத்தை ஒரு மூலதனமாகக் கருதும் கோட்பாட்டை முன்வைத்தார். இயந்திரத்தைப் போலவே உடலும் ஆண்டுதோறும் தேய்கிறது; பராமரிப்பு அந்தத் தேய்மானத்தை ஈடுசெய்கிறது என்பது அதன் சாரம். மூட்டை தூக்குபவருக்கும் வலை இழுப்பவருக்கும் லாரி ஓட்டுபவருக்கும் உடல் ஒன்றே மூலதனம். அதைப் பராமரிக்க அதிகத் தேவை உள்ளவரும் அவரே. பராமரிப்புக்கு அதிக விலை கொடுக்க நேர்பவரும் அவரே. மாதச் சம்பளக்காரர் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்கிறார்; அவர் ஊதியத்தில் ஒரு காசும் குறைவதில்லை.

நம் காப்பீட்டு முறையும் இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்வதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் பல உயிர்களைக் காத்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால், அவை பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்த பிறகே துணைக்கு வருகின்றன. அடைத்துக்கொண்ட இதயக் குழாயைத் திறக்கவும், செயலிழந்த சிறுநீரகத்துக்கு டயாலிசிஸ் செய்யவும் பணம் கிடைக்கும். டயாலிசிஸ் தேவைப்படும் நிலைக்கு வந்தவர் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் படுக்கையில் கிடக்க வேண்டும். அதன் பிறகு அவர் மூட்டை தூக்கப் போவதில்லை. கதையின் முடிவுக்கு லட்சங்கள் செலவிடும் நாம், அதன் தொடக்கத்துக்குச் சில நூறு ரூபாய் செலவிடத் தயங்குகிறோம்.

வாசலுக்கு வந்த மருத்துவம்

இந்தப் பின்னணியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அரசியல் சார்புகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அது மேற்சொன்ன கணக்கின் எண்களை மாற்றிய முயற்சி. சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களாகப் பயிற்சி பெற்று வீடு வீடாகச் செல்கிறார்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதிக்கிறார்கள். நோய் உறுதியானவர்களுக்கு மாத்திரைகளைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்போருக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கின்றன. 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் தொற்றா நோய்த் தடுப்புக்கான பணிக்குழு இத்திட்டத்துக்கு விருது வழங்கியது.

பயன் கிடைத்ததா? 2023-24-இல் நடந்த இரண்டாவது 'ஸ்டெப்ஸ்' கணக்கெடுப்பின்படி, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்போர் 7.3 விழுக்காட்டிலிருந்து 17 விழுக்காடாகவும், சர்க்கரை கட்டுக்குள் இருப்போர் 10.8 விழுக்காட்டிலிருந்து 16.7 விழுக்காடாகவும் உயர்ந்திருக்கின்றனர். சில ஆண்டுகளில், அதிலும் பெருந்தொற்றுக் காலத்தையும் உள்ளடக்கிய ஆண்டுகளில், ரத்த அழுத்தக் கட்டுப்பாடு இருமடங்குக்கு மேல் உயர்ந்தது சிறிய செய்தியன்று. அதே வேளையில், உயர் ரத்த அழுத்தம் உள்ள நூறு பேரில் எண்பத்து மூன்று பேருக்கு அது இன்னும் கட்டுக்குள் வரவில்லை என்பதும் அதே எண் சொல்லும் செய்திதான்.

அந்த எண்பத்து மூன்று பேர் யார்? தன்னார்வலர் பகலில் வருகிறார். பகலில் வீட்டில் இருப்பவர்கள் முதியோரும் இல்லத்தரசிகளும்தான். அவர்களுக்கு இத்திட்டம் வரப்பிரசாதம். துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் தொழிற்சாலைக்கும் போய்விட்ட நாற்பது, ஐம்பது வயது ஆண்கள், வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போய்விட்ட பெண்கள் ஆகியோரின் வீட்டுக் கதவு பூட்டியிருக்கும். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் புறப்படுபவர் பல நாள் கடலில் இருப்பார். கன்டெய்னர் லாரி ஓட்டுநர் எந்த ஊர்ச் சாலையோரத்தில் உறங்குகிறாரோ, யார் அறிவார்? குடும்பத்தைக் காப்பவர்களும் அகால மரணத்துக்கு அதிகம் ஆளாகக்கூடியவர்களும் இவர்களே.

அரசு இதை அறியாமலில்லை. காலை 8 முதல் 12 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் இயங்கும் நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் 2023-இல் திறக்கப்பட்டன. வேலையிடங்களுக்கே சென்று பரிசோதிக்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' 2024-இல் தொடங்கப்பட்டது. இவை சரியான திசையில் வைத்த அடிகள். இவற்றை வடசென்னையின் வேலை நேரத்துக்கும் வாழ்க்கைத் தாளத்துக்கும் ஏற்ப வளர்த்தெடுப்பதே அடுத்த பணி.

ஓர் எடுத்துக்காட்டு சொல்லலாம். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஆண்டின் பிற மாதங்களில் கைக்குச் சிக்காத மீனவர்கள் அந்த இரண்டு மாதங்கள் கரையில்தான் இருக்கிறார்கள்; வலை பின்னுகிறார்கள், படகைச் செப்பனிடுகிறார்கள். காசிமேடு துறைமுகத்தில் அந்த நாள்களிலேயே அனைவரையும் பரிசோதித்து முடிக்க முடியும். நோய் நிலைபெற்றுக் கட்டுக்குள் இருப்போருக்கு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கவும் முடியும். கட்டடமோ கருவியோ புதிதாக வேண்டியதில்லை. நாள்காட்டியைப் பார்த்துத் திட்டமிடும் மனம் இருந்தால் போதும். லாரி நிறுத்தங்களில் இரவு நேர முகாம், ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னார்வலர் வருகை, வேறு ஊரில் இருந்தாலும் அருகிலுள்ள எந்த அரசு நிலையத்திலும் தொடர் மருந்து பெறும் வசதி ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை.

சுவாசிப்பதைத் தேர்ந்தெடுக்க முடியாது

மாத்திரை நோயைக் கட்டுப்படுத்தும். வருவதைத் தடுக்க வேறு செயல்கள் வேண்டும். புகையிலை, மது, பொருந்தா உணவு, உடலுழைப்பின்மை ஆகிய நான்கோடு காற்று மாசையும் தொற்றா நோய்களின் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக உலக சுகாதார நிறுவனம் சேர்த்திருக்கிறது. முதல் நான்கைப் பற்றித் தனிமனிதருக்கு அறிவுரை சொல்லலாம். ஐந்தாவதைப் பற்றி என்ன அறிவுரை சொல்வது? எண்ணூரிலும் மணலியிலும் வாழ்பவர் மூச்சு விடுவதைக் குறைத்துக்கொள்ள முடியுமா?

சென்னையிலும் தில்லியிலும் ஏறத்தாழ 12,000 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. காற்றில் மிதக்கும் 2.5 மைக்ரான் நுண்துகளின் ஆண்டுச் சராசரி அளவு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது, நீரிழிவு வரும் வாய்ப்பு 22 விழுக்காடு கூடுகிறது என்று அது கண்டறிந்தது. நுரையீரலுக்கு மட்டுமே தீங்கு என்று நாம் எண்ணியிருந்த புகை, சர்க்கரை நோய்க்கும் வழிவகுக்கிறது. இந்த நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்திருக்கும் வரம்பு 5 மைக்ரோகிராம்; இந்தியாவின் வரம்பு 40. எட்டு மடங்கு வேறுபாடு உள்ள இந்த இரண்டு எண்களுக்கு இடையே வடசென்னை மக்கள் வாழ்கிறார்கள்.

அனல்மின் நிலையங்கள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலைகள், நிலக்கரி கையாளும் துறைமுகம், கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு, எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் டீசல் லாரிகள் ஆகிய அனைத்தையும் நகரம் தன் வடக்கு ஓரத்தில் வைத்துக்கொண்டது. மின்சாரமும் பெட்ரோலும் எல்லோருக்கும் போகின்றன; புகை அங்கேயே தங்குகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தபோதும், அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் அமோனியா வாயு கசிந்து மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடியபோதும் நாடே திரும்பிப் பார்த்தது. விபத்து செய்தியாகிறது. ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுக உள்ளே போகும் புகை செய்தியாவதில்லை. அது இருபது ஆண்டுகள் கழித்து யாரோ ஒருவரின் மருத்துவக் குறிப்பேட்டில் நோயாகப் பதிவாகிறது.

ஒருவர் ஈட்டும் லாபத்தின் செலவை அதில் தொடர்பில்லாத மூன்றாமவர் சுமப்பதைப் பொருளியலில் புறவிளைவு என்போம். அதற்குத் தீர்வு அறிவுரையன்று. ஒழுங்குமுறையும் வரியும் இழப்பீடும்தான். மாசு வெளியிடும் ஆலைகளிடமிருந்து பெறும் இழப்பீட்டுத் தொகையில் ஒரு பங்கை அப்பகுதியின் நலவாழ்வு மையங்களுக்கென ஒதுக்கினால், செலவும் பொறுப்பும் ஒரே இடத்தில் சேரும்.

தட்டிலும் கடையிலும்

உணவுக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நாடு முழுவதும் 1,13,043 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் அதன் அளவு 14.4 விழுக்காடு. தீட்டிய அரிசிச் சோற்றை மலையாகவும் காய்கறியையும் பருப்பையும் தொட்டுக்கொள்ளவும் வைத்துக்கொள்ளும் நம் தட்டுக்கும் இதில் பங்குண்டு. ஆனால், ஏழையின் தட்டை நிர்ணயிப்பது அவருடைய விருப்பம் மட்டுமன்று, நியாயவிலைக் கடையும்தான். அரிசி இலவசமாகவும் சர்க்கரையும் பாமாயிலும் மலிவாகவும் கிடைக்க, காய்கறியும் பயறும் சந்தை விலைக்கே கிடைக்கும்போது தட்டு அப்படித்தான் நிறையும்.

பசியை ஒழித்ததில் தமிழ்நாட்டின் பொது விநியோக முறைக்கு ஈடில்லை. அந்த வலிமையான அமைப்பையே அடுத்த கட்டத்துக்குப் பயன்படுத்தலாம். 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் முன்னோட்டம் தொடங்கியது. கேழ்வரகுக் கூழைக் காலை உணவாகக் கொண்ட மரபு வடசென்னைக்கும் புதிதன்று. தெருமுனைக் கூழ்க்கடைகள் இன்றும் இருக்கின்றன. கேழ்வரகையும் கூடுதல் பருப்பையும் உழைக்கும் மக்கள் வாழும் பகுதிகளின் கடைகளுக்குக் கொண்டுவருவது கடினமான காரியமன்று.

உப்பும் கவனத்துக்குரியது. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாம் உண்பது அதைவிட மிக அதிகம். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவை உழைப்பவரின் உணவில் காசு குறைவான சுவைகள். அவற்றை முற்றிலும் விலக்கச் சொல்வது நடக்காது. பாக்கெட்டில் அடைத்து விற்கும் தின்பண்டங்களின் முகப்பிலேயே உப்பு, சர்க்கரை, கொழுப்பு அளவை எச்சரிக்கையாகப் பொறிக்கச் செய்வது அரசால் முடியும். அண்டை நாடான இலங்கை, குளிர்பானங்களில் உள்ள சர்க்கரையின் அளவைப் போக்குவரத்து விளக்கைப் போலச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களில் காட்டும் விதியை 2016-லேயே கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே சர்க்கரைக்கு வரியும் விதித்தது.

புகையிலையும் மதுவும் இன்னும் சங்கடமானவை. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மன்றம், இனிப்பூட்டிய குளிர்பானங்களை 40 விழுக்காட்டு வரிக்குள் கொண்டுவந்தது. அதே கூட்டத்தில் பீடிக்கான வரியை 28-இலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கவும் முடிவெடுத்தது. பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பு இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கவலை நியாயமானது; மாற்றுத் தொழில் தந்து அதைத் தீர்க்க வேண்டும். பீடியை மலிவாக்குவது, ஓர் ஏழையின் பிழைப்புக்காக இன்னோர் ஏழையின் நுரையீரலை அடகு வைப்பதாகும்.

மாநில அரசின் நிலையும் இதில் வலுவானதன்று. 2023-24-இல் டாஸ்மாக் வழியே கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. உயர் ரத்த அழுத்தத்துக்கும் கல்லீரல் நோய்க்கும் சில புற்றுநோய்களுக்கும் மது ஒரு காரணம் என்பது மருத்துவம் ஐயமின்றி நிறுவிய உண்மை. ஒரு கையால் வாசலில் மாத்திரை கொடுத்துக்கொண்டு, மறு கையால் தெருமுனையில் நோயை விற்பது நெடுநாள் செல்லுபடியாகாத கணக்கு. ஒரே நாளில் கடைகளை மூட முடியாது. கள்ளச்சாராயத்தின் கொடுமையையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆனால், ஆண்டுதோறும் குறையும் இலக்கு ஒன்றை அறிவித்து, அந்த வருவாயைச் சார்ந்திருப்பதைக் குறைத்துக்கொள்வது நடக்கக்கூடியதே.

எண்ண வேண்டியது எது?

செலவைப் பற்றிய அச்சத்துக்கும் விடை உண்டு. ஏழை மற்றும் கீழ்நடுத்தர வருவாய் நாடுகள், ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகக் கூடுதல் செலவு செய்தால் 2030-க்குள் ஏறத்தாழ 70 லட்சம் உயிர்களைக் காக்க முடியும் என 2021-இல் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. ஹார்வர்டு பொருளியலாளர்களும் உலகப் பொருளாதார மன்றமும் 2014-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2012 முதல் 2030 வரை தொற்றா நோய்களாலும் மனநோயாலும் இந்தியா இழக்கக்கூடிய உற்பத்தியின் மதிப்பு 4.58 லட்சம் கோடி டாலர். செலவு செய்ய வசதியில்லை என்று சொல்லும் நாடு, செலவு செய்யாததால் வரும் இழப்பையும் பேரேட்டில் எழுத வேண்டும்.

இறுதியாக ஒன்று. அரசின் அறிவிப்புகளில் நாம் அடிக்கடி படிப்பது பயனாளிகளின் எண்ணிக்கை. அத்தனை வீடுகளுக்குச் சென்றோம், அத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்ற எண்கள் உழைப்பைக் காட்டும், விளைவைக் காட்டா. ஒவ்வொரு வார்டிலும் நோய் கண்டறியப்பட்டவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பிறகும் மருந்தைத் தொடர்கிறார்கள், எத்தனை பேருக்கு நோய் கட்டுக்குள் இருக்கிறது என்ற இரண்டு எண்களை ஆண்டுதோறும் வெளியிடட்டும். அடையாற்று வார்டுக்கும் தண்டையார்பேட்டை வார்டுக்கும் இடையே உள்ள இடைவெளி அப்போது வெளிப்படும். வெளிப்பட்டால்தான் மாமன்றத்தில் கேள்வி எழும். கேள்வி எழுந்தால்தான் பணமும் ஆளும் தேவைப்படும் இடத்துக்கு வரும். வாசல் வாசலாக ஏறி இறங்கும் தன்னார்வலர்களுக்கு நிலையான ஊதியம் தர வேண்டும் என்ற கோரிக்கையும் அப்போது வலுப்பெறும்.

தொற்று நோயை வெல்ல ஒரு தலைமுறைக்கு முன் நாம் மருத்துவமனைகளைக் கட்டினோம், குழாய் வைத்தோம், தடுப்பூசி போட்டோம். தொற்றா நோயை வெல்ல வேண்டியவை தொடர்ச்சியும் நல்ல காற்றும் நல்ல உணவும். மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அதைக் கூலி இழக்காமல் ஒரு தொழிலாளி பெற்றுக்கொள்ளும் வழியைக் கண்டுபிடிப்பதுதான் எஞ்சியிருக்கும் வேலை. அது ஆய்வகத்தில் நடக்கும் வேலையன்று. நிதிநிலை அறிக்கையிலும் மாமன்றக் கூட்டத்திலும் நடக்க வேண்டிய வேலை.